புத்தகத்துக்கு லீவு கிடையாது

எங்கள் கடையில் லீவு வேண்டுமென்றால் யாராவது செத்தாக வேண்டும். நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் முதலில் என் பெரியப்பாவைக் கொன்றேன், பிறகு பெரியம்மாவைக் கொன்றேன். இரண்டு பேரும் கூடலூரில் இன்றைக்கும் திடமாக இருக்கிறார்கள். பெரியப்பா இந்த வயதிலும் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறார். எனக்குப் பக்கத்தில் நின்ற சுடிதார் செக்ஷன் பெண், பிறக்கவே பிறக்காத ஒரு தம்பிக்குக் காதுகுத்து நடத்திவிட்டு வந்தாள். மேனேஜருக்கு எல்லாம் தெரியும். சாவு என்று சொன்னால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து "அடப் பாவமே" என்பார். அப்புறம் "நாளைக்கு வந்துரணும்" என்பார். அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. கடையில் எல்லாரும் அந்த முறைக்குப் பழகியிருந்தோம், ஒருத்தரைத் தவிர.

அவரைச் சேலை செக்ஷன் அக்கா என்போம். பெயரை எழுதட்டுமா என்று நான் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

கம்பம் மெயின் ரோட்டில் மூன்று மாடிக் கடை அது. அக்கா அனுமந்தன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கண்ணாடியில் கறுப்புக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நாள் முழுக்க நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாகப் புடைத்திருக்கும். கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்ததாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்கள் கடைக்கும் ஸ்டூல்கள் வந்தன. அவற்றின் மேல் துணிக்கட்டுகளை அடுக்கி வைத்தார்கள்.

அக்காவின் குணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரே வரிதான். அவருக்குப் பொய் சொல்ல வராது. வராது என்பதைவிட, மாட்டார் என்பதுதான் சரி. அதை ஒரு விரதம் மாதிரியெல்லாம் சொல்லிக்கொண்டு திரியமாட்டார். கேட்டால் இருப்பதைச் சொல்வார், அவ்வளவுதான்.

கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்தது. பெண்ணின் அம்மா ஒரு சேலையை மடியில் போட்டுக்கொண்டு விடவே இல்லை.

"இது அசல் சரிகைதான?"

"இல்லத்தா. அசல் அந்த மேல்தட்டுல இருக்கு, வெலை கூட. இது பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அசல் இல்ல."

பின்னால் நின்ற மேனேஜரின் முகம் சுருங்கிப்போனது. அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதே சேலையைத்தான் எடுத்தார். அடுத்த வருஷம் இரண்டாவது பெண்ணின் கல்யாணத்துக்கும் வந்தார். வாசலிலேயே நின்று, "அந்தக் கண்ணாடிக்காரப் பொம்பள இருக்காகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்.

ஓணம் நெருங்கினால் குமுளிப் பக்கத்திலிருந்து மலையாளிகள் இறங்கி வருவார்கள். கலர் போகுமா என்று கேட்டால், நாங்களெல்லாம் "போவில்லா சேச்சி, போவில்லா" என்று பாட்டுப் பாடுவோம். அக்கா, முதலில் கொஞ்சம் போகத்தான் செய்யும் என்பதைத் தனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில், "ஆத்யம் குறச்சு போகும் சேச்சி, வேற துணியோட போடாதீங்க" என்று சொல்லிவிடுவார். அந்தச் சேச்சிகளும் சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார்கள். அவரால் விற்பனை குறைந்ததே இல்லை. குறைந்திருந்தால் முதல் மாசமே அனுப்பியிருப்பார்கள்.

ஒருமுறை ரவிக்கைத் துணி ஒன்று காணாமல் போனது. எடுத்தது யார் என்று எனக்கும் தெரியும். தங்கச்சி சடங்குக்கு வெறுங்கையோடு போக முடியாமல் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எடுத்தாள். மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருத்தராகக் கேட்டார். எல்லாரும் "பாக்கல சார்" என்றோம். அக்காவின் முறை வந்தது.

"பாத்தேன் சார். யாருன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டியா?"

"சொல்ல மாட்டேன். பாக்கலைன்னும் சொல்ல மாட்டேன்."

மேனேஜருக்கு அப்படி ஒரு கோபம். "பாக்கலைன்னு சொல்லிட்டுப் போயிருந்தா நான் பேசாம விட்டிருப்பேனேம்மா!" என்று கத்தினார். அவர் சொன்னது நிஜம்தான். அன்றிலிருந்து கொஞ்ச நாள் அக்காவைக் கோடவுனில் மூட்டை பிரிக்கப் போட்டார்கள். எடுத்த பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா அவளிடம் தனியாக ஏதோ பேசினார். இரண்டு நாள் கழித்து அந்தத் துணி ரேக்கில் இருந்தது.

இப்படிப்பட்டவர்தான் புத்தகத் திருவிழாவுக்கு லீவு கேட்டார்.

தேனியில் புத்தகத் திருவிழா நடக்கப்போவதாக உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதை முதலில் பார்த்தது அக்காவின் சின்ன மகள். ஆறாவது படிக்கிற பிள்ளை. ஊர்க் கிளை நூலகத்தில் இருந்த சிறுவர் புத்தகங்களைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கிழித்தே விட்டது. அக்காவும் அப்படித்தான். அந்த நூலகத்தில் இருந்த கதைப் புத்தகங்களையெல்லாம் முடித்துவிட்டார். புதுசு வருவதே இல்லை என்று மதியச் சாப்பாட்டின்போது புலம்புவார். கடையிலிருந்து வீட்டுக்குப் போய், சோறாக்கி, பாத்திரம் கழுவி, எப்போது படிப்பாரோ தெரியாது. ஆனால் படித்துவிட்டு மறுநாள் எங்களுக்குக் கதை சொல்வார். பிடிக்காத கதையென்றால் அதையும் சொல்வார். "கடைசியில ஏமாத்திட்டாக" என்பார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் ஏமாற்றிவிட்ட மாதிரி.

போஸ்டர் பார்த்த அன்றைக்கே அந்த வீட்டில் முடிவாகிவிட்டது. நாலு பேரும் போகிறார்கள். அக்காவின் வீட்டுக்காரர் சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், குட்டியானை என்போமே, அது. வாழைத்தார், திராட்சைப் பெட்டி என்று எந்நேரமும் லோடு. ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு ஓய்வு. பெரிய மகள் பதினொன்று படித்தாள். அவளுக்கும் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. ஆக ஞாயிறுதான் போக முடியும். எங்களுக்கோ ஞாயிறுதான் கடையில் தலைபோகிற கூட்டம். அதுவும் அப்போது முகூர்த்த மாசம்.

அக்கா அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் திருவிழாப் பேச்சுதான். வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு புத்தகம். யார் எதை எடுத்தாலும் மற்றவர்கள் எதற்கு என்று கேட்கக்கூடாது. சின்னவளுக்குப் பாம்புகள் பற்றிய புத்தகம் வேண்டும். பெரியவளுக்கு வானம், நட்சத்திரம். வீட்டுக்காரர் மட்டும், "எனக்கென்னத்துக்குப் புத்தகம், என் பங்கையும் பிள்ளைகளுக்கே எடு" என்றிருக்கிறார். அதைச் சொல்லும்போது அக்காவுக்குக் கோபம் வந்தது.

"அது என்ன தியாகம்? அவுக புத்தகத்தை அவுகதான் எடுக்கணும்னு சொல்லிட்டேன்."

அந்த மனுஷன் அதைப் பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார். ஒருநாள் சாயங்காலம் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு அக்காவுக்காகக் காத்திருந்தபோது, என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, வண்டி ஓட்டுறவனைப் பத்திக் கதை எதுவும் எழுதியிருப்பாகளா?"

"இருக்கும்ண்ணே."

"எழுத்து பெருசா இருக்கணும். எனக்கு வேகமா வாசிக்க வராது."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

இதற்கிடையில் கடைக்குக் கட்டுக்கட்டாகத் துணிப்பைகள் வந்து இறங்கின. திருவிழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க எங்கள் முதலாளி நன்கொடையாகக் கொடுக்கிறாராம். மதியம் கூட்டம் குறைந்ததும் எங்களை மூன்றாவது மாடிக்கு அனுப்பி, பைகளை மடித்து அடுக்கச் சொன்னார்கள். பையின் ஒரு பக்கம் கடையின் பெயர், முதலாளி கைகூப்பி நிற்கிற படம். மறுபக்கம் பெரிய எழுத்தில், "குடும்பத்தோடு வாருங்கள், புத்தகத்தோடு திரும்புங்கள்."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாய்விட்டு வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்காக. நம்ம முதலாளிக்கு இதுல இம்புட்டு ஆர்வமா? அப்ப லீவு கேக்குறதுல சிரமம் இருக்காது."

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

அவர் மேனேஜரிடம் கேட்டபோது நான் அங்கேயே பில் புத்தகம் மாற்ற நின்றுகொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழமை லீவு வேணும் சார்."

"ஞாயித்துக்கெழமையா? என்ன விஷயம்?"

"தேனியில புத்தகத் திருவிழா சார். குடும்பத்தோட போறோம்."

மேனேஜர் முதலில் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார். அக்கா சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஏம்மா, காரணத்தைச் சொல்லும்மா."

"சொன்னேனே சார்."

"இதெல்லாம் ஒரு காரணமா? முதலாளி கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? உங்க மாமியாருக்கு மேலுக்கு முடியலைன்னு சொல்லு. குடுத்துர்றேன்."

"அவுக நல்லாத்தான் இருக்காக சார். காலையில கூட ரெண்டு இட்லி சேத்துச் சாப்பிட்டாக."

"சரி, சொந்தத்துல ஒரு சாவுன்னு சொல்லு."

"யாரு சார் செத்தது?"

மேனேஜர் தலையில் கைவைத்தார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே உதவி செய்ய நினைத்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. நல்லவராக இருக்கிற ஒரு மனுஷன், ஒருத்தியை நல்லபடியாக நடத்த வேண்டுமென்றால் அவளைப் பொய் சொல்ல வைத்தால்தான் முடியும் என்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அது தப்பு என்று அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

"கோயிலுக்குன்னு சொல்லவா? வீரபாண்டிக்குப் போறதா வச்சுக்குவோம். சாமி காரியம்னா முதலாளி மறுக்க மாட்டாக."

"சாமிக்கு லீவு இருக்கு. சாவுக்கு லீவு இருக்கு. நான் என் பிள்ளைகளோட ஒருநாள் போய்ப் புத்தகம் பாக்குறதுக்கு இல்லையா சார்?"

"இல்லம்மா" என்றார் மேனேஜர். "அதுக்கு இல்ல."

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு அறையில் எல்லாரும் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற விஷயத்தை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்டார்கள். சுடிதார் செக்ஷன் பெண், "பெரிய உத்தமி! நாங்கல்லாம் என்ன கேடுகெட்டவளுகளா?" என்று வெடுக்கென்று கேட்டாள். உண்மையில் அதுதான் எங்கள் எல்லாருக்கும் உறுத்தியது. அக்கா பக்கத்தில் நின்றால் நாங்கள் கொன்றுபோட்ட பெரியப்பாக்களெல்லாம் எழுந்து வந்து நின்ற மாதிரி இருந்தது.

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"உங்களை நான் ஒண்ணும் சொல்லலையே. உங்களைப் பொய் சொல்ல வச்சது அவுக. எனக்கு அவுக மேலதான் கோவம். புத்தகம் பாக்கப் போறதை நான் எதுக்கு ஒளிக்கணும்? களவாணித்தனமா பண்ணப் போறேன்?"

வெள்ளிக்கிழமை பூஜைக்கு முதலாளி வந்தார். சாம்பிராணி காட்டி முடித்து அவர் படி இறங்கும்போது அக்கா போய் முன்னால் நின்றார். மேனேஜர் வேண்டாம் வேண்டாம் என்று கண்ஜாடை காட்டினார். அக்கா கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நின்றிருப்பார்.

"சார், ஞாயித்துக்கெழமை லீவு வேணும். குடும்பத்தோட புத்தகத் திருவிழாவுக்குப் போகணும்."

முதலாளி அழகாகச் சிரித்தார். பையில் அச்சடித்திருந்த அதே சிரிப்பு.

"ரொம்ப நல்ல விஷயம்மா. ஆனா முகூர்த்த நேரத்துல ஞாயித்துக்கெழமை எப்பிடி விட முடியும்? அடுத்த வருஷம் பாக்கலாம்."

"பையிலயே போட்டிருக்கே சார், குடும்பத்தோட வாங்கன்னு."

முதலாளி ஒரு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அது கஸ்டமருக்கும்மா."

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பைகளை மடித்து அடுக்கியது நாங்கள். எங்கள் கையில் அந்த மையின் வாசனை போவதற்குள், அந்த வார்த்தை எங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார், கோபப்படாமல், சிரித்துக்கொண்டே. நாங்களும் இதே பள்ளத்தாக்கில்தான் பள்ளிக்கூடம் போனோம், இதே எழுத்துகளைத்தான் படித்தோம். துணி எடுக்க வந்தால் குடும்பம், எடுத்துக் கொடுக்க நின்றால் குடும்பம் இல்லை.

சனிக்கிழமை கடை விட்டுக் கிளம்பும்போது அக்கா மேனேஜரிடம் போய், "நாளைக்கு நான் வர மாட்டேன் சார். தேனிக்குப் போறேன்" என்றார். மேனேஜர் அவரைப் பார்க்காமலேயே, "உன் இஷ்டம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. சேலை செக்ஷனில் நானும் போய் நின்றேன். விரித்ததை மடிக்க நேரமில்லாமல் சேலைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு குடும்பமாக, "கண்ணாடிக்காரம்மா எங்க?" என்று கேட்டது. அன்று தேனியில் என்ன நடந்தது என்று அக்காவிடம் பின்னால் கேட்டபோது, "கேட்டாக, சொன்னேன்" என்று முடித்துவிட்டார். முழுசாகச் சொன்னது அவருடைய பெரிய மகள்.

காலையிலேயே குளித்துக் கிளம்பி, அனுமந்தன்பட்டி ஸ்டாப்பில் நாலு பேரும் நின்றிருக்கிறார்கள். பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சின்னவளும் பெரியவளும் சண்டை போட, கடைசியில் அப்பா போய் அங்கே உட்கார்ந்துகொண்டாராம். மைதானத்தில் தகரக் கூரை போட்டு வரிசையாகக் கடைகள். உள்ளே நுழைந்ததும் அக்கா ஒரு நிமிஷம் நின்றுவிட்டாராம். "அம்மா அழுதாகளா?" என்று கேட்டேன். "இல்லக்கா, கணக்குப் பாத்தாக. எந்தப் பக்கம் ஆரம்பிச்சா எல்லாக் கடையையும் பாக்கலாம்னு" என்றாள்.

சின்னவளுக்குப் பாம்புப் புத்தகம் மூன்றாவது கடையிலேயே கிடைத்துவிட்டது. பெரியவள் நட்சத்திரத்துக்காக ரொம்ப நேரம் அலைந்து ஒன்றை எடுத்தாள். அப்பா ஒரு கடையில் நின்று ஒரு பக்கத்தை உதடு அசைய வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார். மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு மலையேறிய ஒருத்தரின் அனுபவம் அது. எழுத்தும் பெரிசு. அவர் அதை வாங்கி, பையில் போடாமல், கையிலேயே வைத்துக்கொண்டார். அக்கா இன்னும் ஒன்றும் எடுக்கவில்லை. எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

அப்போதுதான் முதலாளி வந்தார். சாயங்காலம் மேடையில் அவருக்குச் சால்வை போடுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் விழாக்காரர்கள் நாலைந்து பேரோடும் ஒரு போட்டோக்காரரோடும் கடை கடையாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்பா, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு புத்தகம், அக்காவின் தோளில் முதலாளி படம் போட்ட பை, நடுவில் சின்னப் பிள்ளை. போட்டோக்காரருக்கு இந்தக் குடும்பம் கண்ணில் பட்டுவிட்டது. "இப்பிடி நில்லுங்க சார், நல்லா வரும்" என்று முதலாளியைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்.

முதலாளி சின்னவளின் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்கருந்து வாறீக?"

"அனுமந்தன்பட்டி" என்றார் அக்கா.

"ரொம்ப சந்தோஷம். குடும்பத்தோட வந்திருக்கீக. என்ன வேலை பாக்குறீக?"

அவருக்கு அடையாளமே தெரியவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் படியில் வழிமறித்து நின்றவள்தான் இவள் என்று தெரியவில்லை. வருஷக்கணக்காக அவர் கடையில் நின்று காலில் நரம்பு சுருண்டவள் என்றும் தெரியவில்லை.

"உங்க கடையிலதான் சார். சேலை செக்ஷன்."

"அட!" என்று முதலாளி விழாக்காரர்களைப் பார்த்துப் பெருமையாகத் திரும்பினார். "நம்ம ஸ்டாஃப்! பாத்தீகளா? நம்ம கடையில எல்லாரும் படிக்கிறவுக. லீவு குடுத்தாகளாம்மா?"

"இல்ல சார். நீங்கதான் இல்லைன்னு சொன்னீக. வெள்ளிக்கெழமை."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். முதலாளியின் கை சின்னவளின் தலையிலேயே இருந்தது, எடுக்கத் தெரியாமல். "சரி சரி, பாருங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாராம். அக்காவின் வீட்டுக்காரர் பயந்துபோய், "கெளம்பிருவமா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் இன்னும் என் புத்தகத்தை எடுக்கல" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பவும் உள்ளே போனார். விளக்குப் போட்ட பிறகுதான் ஒரு கனமான நாவலோடு வெளியே வந்தார்.

திங்கட்கிழமை எப்போதும் போல வேலைக்கு வந்தார். மேனேஜர் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். நான் காது கொடுத்துக் கேட்டேன், ஒளிப்பதற்கென்ன.

"முதலாளிக்கு முகம் கெட்டுப்போச்சும்மா. உன்னை உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிட்டாக. நான் பேசிப் பாத்தேன். ஒரே ஒரு வழிதான் இருக்கு. ஒனக்கு மேலுக்கு முடியல, தேனி ஆஸ்பத்திரிக்குப் போன, போற வழியில சும்மா எட்டிப் பாத்த. அவரை அங்கன திடீர்னு பாத்ததுல படபடப்பாகி ஏதோ உளறிட்ட. இப்பிடிச் சொல்லு. நான் முடிச்சு வச்சிர்றேன்."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போகல சார். பாம்புப் புத்தகம் வாங்கப் போனோம். உளறவும் இல்ல."

"பிள்ளை குட்டிக்காரி, யோசிச்சுப் பாரும்மா."

"பிள்ளைக ரெண்டும் பக்கத்துலதான் சார் நின்னுச்சுக. நான் சொன்னதைக் கேட்டுச்சுக. இப்ப இல்லைன்னு வீட்டுல போய் எப்பிடிச் சொல்ல?"

மேனேஜர் கையை விரித்தார். அக்கா மேலே போய்த் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். போகிறபோது ஞாயிற்றுக்கிழமை குவிந்து இன்னும் மடிக்காமல் கிடந்த சேலைகளைப் பார்த்தார். அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

அதோடு போயிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். மறுநாள் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, கஸ்டமர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். "அவுகளுக்கு உடம்புக்கு முடியல, அவுகளா நின்னுட்டாக." தன் மாமியாருக்கே முடியவில்லை என்று சொல்ல மறுத்தவர் அவர். அவர் வாயிலிருந்து வாங்க முடியாத பொய்யை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். எங்கள் வாயால்.

நாங்களும் சொன்னோம். கேட்டவர்கள் "அடப் பாவமே" என்றார்கள். இரண்டு மூன்று நாள் போனது. பிறகு ஒருநாள், சரிகை அசலா என்று கேட்ட அந்த அம்மா வந்தார், மூத்த மகளின் வளைகாப்புக்குச் சேலை எடுக்க. அக்காவைத் தேடினார். நான் வாயைத் திறந்தேன். சொல்லிக் கொடுத்தது வரவில்லை.

"குடும்பத்தோட புத்தகத் திருவிழாவுக்குப் போனாகம்மா. அதுக்காக வேலையை விட்டு நிறுத்திட்டாக."

"அதுக்கா?" என்றார் அந்த அம்மா.

"அதுக்குத்தான்."

அவர் மடியில் இருந்த சேலையை எடுத்து மேஜையில் வைத்தார். அப்புறம் வேறு ஒரு சேலையைக் காட்டச் சொன்னார். வாங்காமல் எழுந்து போய்விட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் வாங்கிக்கொண்டுதான் போனார். பில் போடுகிற இடத்தில் நின்று மேனேஜரிடம், "நீங்க பண்ணது நல்லா இல்ல" என்று எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொன்னார். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் அங்கே நாள் எண்ணியாகிவிட்டது என்று தெரிந்தது. முகூர்த்தம் முடிந்ததும் நானாகவே நின்றுகொண்டேன். இப்போது தேனியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன்.

அக்கா கொஞ்ச நாள் திராட்சைப் பெட்டி அடுக்குகிற வேலைக்குப் போனார். பிறகு உத்தமபாளையத்தில் ஒரு சின்னக் கடையில் சேர்ந்தார். பள்ளிக்கூட யூனிஃபார்மும் நைட்டியும் விற்கிற கடை. சம்பளம் குறைச்சல். ஆனால் உட்கார நாற்காலி உண்டு, ஞாயிறு அடைப்பு. கடைக்காரம்மா கூட்டமில்லாத நேரத்தில் படிக்கவும் விடுகிறாராம்.

போன மாசம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே நுழைந்து பார்த்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு துணி மூட்டையின் மேல் நீட்டி வைத்திருந்தார். சின்னவள் பாம்பைப் பிடிக்கப் போகிறேன் என்று வயக்காட்டில் திரிகிறாள் என்றார். வீட்டுக்காரர் அந்தப் புத்தகத்தை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார் என்றார். இந்த வருஷத் திருவிழாவுக்கு இப்போதே சண்டை தொடங்கிவிட்டதாம். என்னையும் வரச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் நான் எல்லாரும் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டேன்.

"எல்லாம் ஒரு நல்லதுக்குத்தான்க்கா நடந்திருக்கு."

அக்காவின் முகம் மாறிவிட்டது. காலைக் கீழே இறக்கினார்.

"எது நல்லதுக்கு? அந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஒரு பட்டுச் சேலையை எடுத்து விரிச்சு, கல்யாணப் பொண்ணு மேல போட்டுக் காட்டுறது எனக்கு அம்புட்டுப் பிடிக்கும். நான் அதை நல்லாப் பாத்தேன். அதைப் புடுங்கிட்டாக. நீயும் வந்து அவுக செஞ்சதுக்கு வெள்ளையடிக்காத."

அவரே கொஞ்சம் தணிந்து, பக்கத்து ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இங்கன நான் நல்லாத்தான் இருக்கேன். அங்கன நடந்தது அநியாயம். என்னயப் பத்தி யார்கிட்டயாவது பேசினா ரெண்டையும் சேத்துச் சொல்லு."